அயர்லாந்தில் கருத்தடையும் பதின்பருவத்தினருக்கான பாலியல் கல்வியும்

அயர்லாந்தில் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையும் இறக்குமதியும் 1935ஆம் ஆண்டு முதல் குற்றமாக்கப்பட்டிருந்தன. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1929இல், அவற்றைப் பற்றி எழுதுவது தடைசெய்யப்பட்டுவிட்டது. பொருளுக்கு முன்னால் அறிவுக்குத் தடை வந்தது என்பதே இந்த வரலாற்றின் தனித்தன்மை. பின்னர் தடைகள் ஒவ்வொன்றாக விலகியபோதும் இதே வரிசை ஏறக்குறைய தலைகீழாகத் திரும்பியது. 1993இல் ஆணுறையைத் தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டு வாங்க முடிந்தது. ஆனால் அது எதற்கு, எப்படி என்று வகுப்பறையில் சொல்லித்தர வேண்டும் என்ற அரசாணை அதற்கும் பிறகுதான் வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பாலியல் ஒழுக்கப் போதனை ஒரு நாட்டின் சட்டமாகவும் பள்ளிப் பாடத்திட்டமாகவும் மாறி, பின் அந்த இடத்திலிருந்து எவ்வாறு விலகியது என்பதை அறிய அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. போலந்து, பிலிப்பீன்சு முதலிய நாடுகளிலும் இதே போராட்டம் நடந்துள்ளது. ஆயினும் அயர்லாந்தில் ஒவ்வொரு கட்டமும் சட்டம், தீர்ப்பு, நாடாளுமன்ற வாக்கெடுப்பு எனத் தெளிவான பதிவுகளை விட்டுச் சென்றிருக்கிறது.

போதனையின் அடிப்படை

திருச்சபையின் நிலைப்பாட்டைப் பலர் வெறும் தடையாகவே அறிந்திருக்கிறார்கள். அதன் பின்னால் நீண்ட வாதம் ஒன்று உண்டு. உடலுறவு திருமணத்துக்குள் மட்டுமே நிகழ வேண்டும். அது கணவன் மனைவியை ஒன்றிணைப்பதும் புதிய உயிருக்கு இடம் தருவதுமான இரண்டு பொருள்களைக் கொண்டது. மனிதர் தம் விருப்பப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கலாகாது என்பது அவ்வாதத்தின் சாரம். இயற்கைச் சட்டம் என்னும் கருத்தாக்கம் இதற்கு அடித்தளம்.

1930ஆம் ஆண்டு வரை பெரும்பாலான கிறித்தவச் சபைகள் இந்த வாதத்திலிருந்து அதிகம் விலகியிருக்கவில்லை. அவ்வாண்டு லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் சில கட்டுப்பாடுகளுடன் கருத்தடையை ஏற்றுக்கொண்டனர். அதற்கு மறுமொழி போல அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ‘காஸ்தி கொன்னூபியி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, செயற்கைக் கருத்தடை எதுவாயினும் பெரும் பாவம் என்று அறிவித்தார். சரியாக ஓராண்டு முன்பு, 1929 டிசம்பர் 31இல், கல்வி பற்றிய மற்றொரு சுற்றுமடலை அவர் வெளியிட்டிருந்தார். பாலியல் கல்வி என்ற பெயரில் இளைஞர்களுக்குப் பொதுவில் விவரம் சொல்லித்தந்தால் அவர்கள் பாவத்திலிருந்து காக்கப்படுவர் என்று நம்புவது ஆபத்தான தவறு என்று அதில் கண்டித்தார். இவ்விரு மடல்களையும் சேர்த்து வாசித்தால்தான் அயர்லாந்தில் பின்னர் நடந்தவை விளங்கும்.

இங்கே ஒரு முடிச்சைக் கவனிக்க வேண்டும். கருத்தடை பற்றிய போதனை முழுவதும் மணமான தம்பதியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மணமாகாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு உடலுறவே விலக்கப்பட்டது. எனவே கருத்தடை என்ற கேள்வியே அங்கு எழாது என்பது போதனையின் எதிர்பார்ப்பு. ஆனால் நடைமுறையில் கேள்வி எழத்தான் செய்தது. விலக்கப்பட்ட செயலைச் செய்யப்போகும் ஒருவருக்கு அதன் விளைவைக் குறைக்கும் வழியைச் சொல்வது அச்செயலுக்கு உடந்தையாவதா, அல்லது தீங்கைக் குறைப்பதா? இந்த வினாவில் ஒழுக்கவியல் இறையியலாளர்களிடையே இன்றளவும் ஒருமித்த விடை இல்லை. அயர்லாந்தின் ஆயர்கள் நெடுங்காலம் முதல் விடையையே தேர்ந்தெடுத்தனர்.

தடைச் சட்டங்கள்

1922இல் விடுதலை பெற்ற அயர்லாந்து, தன் தனித்துவத்தை மொழியிலும் சமயத்திலும் தேடியது. 1929ஆம் ஆண்டின் வெளியீடுகள் தணிக்கைச் சட்டம், கருத்தடையை ஆதரிக்கும் நூல்களையும் இதழ்களையும் அச்சிடவும் விற்கவும் பரப்பவும் தடை விதித்தது. கருத்தடையை விளக்கும் மருத்துவக் கையேடுகளும் இதில் அகப்பட்டன.

1930இல் கேரிகன் குழு என்ற ஆய்வுக்குழுவை அரசு நியமித்தது. சிறுமியர் மீதான பாலியல் குற்றங்கள் பெருகியிருப்பதை அக்குழு 1931இல் அறிக்கையாகத் தந்தது. அறிக்கை வெளியிடப்படவே இல்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை சிலவே. 1935ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் பாலுறவு இசைவு வயதை 16இலிருந்து 17 ஆக உயர்த்தியது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது. சிறுமியரைக் காக்கும் விதியும் கருத்தடையைத் தடுக்கும் விதியும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஒரே வகைக் கேடாகவே அன்றைய அரசு கண்டது. குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமையை விவரித்த அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டு ஆணுறையைத் தடை செய்த அந்த முன்னுரிமையே பின்வந்த அறுபது ஆண்டுகளின் முன்னோட்டம் எனலாம்.

1937ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபையின் சிறப்பு நிலையை ஏற்றுக்கொண்டது. குழந்தையின் முதன்மையான, இயற்கையான கல்வியாளர் குடும்பமே என்றும் கூறியது. முதல் வாசகம் 1972ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. இரண்டாவது இன்றும் உள்ளது.

தாய் சேய் நலத் திட்டம்

பாலியல் பற்றிக் கற்பிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி முதன்முதலில் பள்ளியில் எழவில்லை. மருத்துவமனையில் எழுந்தது. சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் 1950இல் தாய்மார்களுக்கும் 16 வயது வரையிலான குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச மருத்துவம் தரும் திட்டத்தை முன்வைத்தார். மருத்துவர் சங்கம் தன் வருவாயை எண்ணி எதிர்த்தது. ஆயர்களின் எதிர்ப்பு வேறு வகையானது. 1950 அக்டோபரில் பிரதமர் ஜான் காஸ்டெல்லோவுக்கு அவர்கள் எழுதிய கடிதத்தில், தாய்மை பற்றிய கல்வி என்றால் அதில் பாலுறவு, கற்பு, திருமணம் ஆகியவை பற்றிய போதனையும் அடங்கும். அதைத் தரும் தகுதி அரசுக்கு இல்லை என்று குறிப்பிட்டனர். கத்தோலிக்கப் பெண்கள் அரசு மருத்துவரிடம் கருத்தடை பற்றிக் கேட்டறியும் நிலை வரும் என்பதே அச்சம்.

அமைச்சரவை ஆயர்களின் பக்கம் சாய்ந்தது. பிரவுன் 1951 ஏப்ரலில் பதவி விலகி, கடிதப் போக்குவரத்தைச் செய்தித்தாள்களுக்குக் கொடுத்துவிட்டார். அரசின் கொள்கை எங்கே முடிவாகிறது என்பதை மக்கள் அச்சில் வாசித்தது அதுவே முதன்முறை.

அன்றைய டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்வெயிட் (பதவிக்காலம் 1940–1972) இத்தகைய விவகாரங்களில் மிகுந்த விழிப்புடன் இருந்தார். 1944இல் மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் டாம்பாக்ஸ் என்ற உள்ளுறிஞ்சியைப் பற்றியும் அவர் சுகாதாரப் பொறுப்பாளரிடம் கவலை தெரிவித்தார். அது இளம்பெண்களின் உணர்வைத் தூண்டிவிடும் என்று ஆயர்கள் கருதினர். இன்று சிரிப்பை வரவழைக்கும் செய்தி இது. எனினும் ஒரு பெண்பிள்ளை தன் உடலைப் பற்றி எவ்வளவு அறியலாம் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

பள்ளியின் மௌனம்

பள்ளிகளில் பெரும்பாலானவை மறைமாவட்டங்களாலும் துறவற சபைகளாலும் நடத்தப்பட்டன. பாடத்திட்டத்தில் பாலியல் கல்வி இல்லை. ஆறாவது கட்டளைக்கு எதிரான பாவங்கள் மறைக்கல்வி வகுப்பில் பெயரளவில் குறிப்பிடப்பட்டன. அவை என்ன என்று விளக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தியானத்தில் வெளியிலிருந்து வரும் குரு கற்பைப் பற்றி உரையாற்றுவார். விவரம் தெரியாமலேயே குற்ற உணர்வு மட்டும் பிள்ளைகளிடம் சேர்ந்தது.

இந்த வெற்றிடத்தில் நுழைந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆஞ்சலா மக்னமாரா. இல்லத்தரசியான இவர் 1963இல் ‘சன்டே பிரஸ்’ இதழில் வாசகர் கேள்விகளுக்கு விடையளிக்கத் தொடங்கி, 1980 வரை எழுதினார். பள்ளிகளுக்குச் சென்றும் பேசினார். முத்தம் பாவமா, குழந்தை எவ்வாறு பிறக்கிறது என்பன போன்ற கேள்விகளுடன் இளம்பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். அவருடைய விடைகள் முழுக்கத் திருச்சபைப் போதனையின் வழி நின்றவை. இன்றைய பார்வைக்கு அவை கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வேறு எவரும் பேச மறுத்தபோது பேசியவர் அவர் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி பற்றி 1965இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகள் வளர வளர நேர்மறையானதும் விவேகமானதுமான பாலியல் கல்வியைப் பெற வேண்டும் என்றது. 1929ஆம் ஆண்டின் தொனியிலிருந்து இது தெளிவான மாற்றம். அயர்லாந்தின் வகுப்பறைகளுக்கு அந்த வாக்கியம் வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆயின.

ஹுமானே வீத்தே

கருத்தடை மாத்திரை 1960களில் புழக்கத்துக்கு வந்தபோது திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தார். ஆறாம் பவுல் அதை விரிவுபடுத்தினார். குழுவின் பெரும்பான்மையினர் 1966இல் போதனையைத் தளர்த்தலாம் என்று பரிந்துரைத்தனர். திருத்தந்தை அதை ஏற்கவில்லை. 1968 சூலையில் வெளிவந்த ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடல் பழைய தடையை உறுதி செய்தது. கருத்தடை எளிதாகக் கிடைத்தால் ஒழுக்கம் தளரும் என்றும், சோதனைகளுக்கு எளிதில் ஆளாகும் இளைஞர்களுக்கு ஒழுக்க விதியைக் கடைப்பிடிக்க ஊக்கம் தேவையே தவிர, மீறுவதற்கு வழி தேவையில்லை என்றும் அம்மடல் எச்சரித்தது. பதின்பருவத்தினரைப் பற்றிய கத்தோலிக்க வாதம் இன்றளவும் இந்த எச்சரிக்கையைச் சுற்றியே அமைகிறது.

கார்க் நகர இறையியல் பேராசிரியரான அருட்தந்தை ஜேம்ஸ் குட் இம்மடலை வெளிப்படையாக மறுத்தார். ஆயர் கார்னீலியஸ் லூசி, அவர் மறையுரை ஆற்றவும் ஒப்புரவு அருளடையாளம் வழங்கவும் தடை விதித்தார்.

சட்டத்தில் மாத்திரைக்கு ஒரு சந்து இருந்தது. மாதவிடாய்ச் சுழற்சியைச் சீராக்கும் மருந்தாக மருத்துவர் அதை எழுதித்தரலாம். அயர்லாந்துப் பெண்களுக்கு அக்காலத்தில் திடீரென்று சுழற்சிக் கோளாறு பெருகிவிட்டது என்று மருத்துவர்களே வேடிக்கையாகப் பேசிக்கொண்டனர். பணமும் பழக்கமான மருத்துவரும் உள்ள நகரத்துப் பெண்களுக்கே இந்தச் சந்து பயன்பட்டது. ஒரு பள்ளி மாணவிக்கு அது இல்லாததற்குச் சமம்.

தொடர்வண்டியும் உச்ச நீதிமன்றமும்

1971 மே 22ஆம் நாள், அயர்லாந்து மகளிர் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் டப்ளினிலிருந்து தொடர்வண்டியில் பெல்பாஸ்ட் சென்று, அங்கே சட்டப்படி கிடைத்த கருத்தடைச் சாதனங்களை வாங்கிக்கொண்டு சுங்க அதிகாரிகளின் கண்முன்னே திரும்பி வந்தனர். மாத்திரைக்கு வடக்கு அயர்லாந்திலும் மருந்துச் சீட்டு தேவை என்பது மருந்துக்கடையில்தான் தெரிந்தது. சிலர் ஆஸ்பிரின் வாங்கி வந்து அதையே கருத்தடை மாத்திரை போல உயர்த்திக் காட்டினர். சுங்க அதிகாரிகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள் எப்படியிருக்கும் என்பதே யாருக்கும் தெரியாத நாடாக அது இருந்தது.

அதே ஆண்டு மேலவை உறுப்பினர் மேரி ராபின்சன் (பிற்காலக் குடியரசுத் தலைவர்) தடையை நீக்கும் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். அவை அதை வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளவே மறுத்தது. அத்தகைய சட்டம் நாட்டுக்குச் சாபமாகும் என்ற பேராயர் மக்வெயிட்டின் மடல் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது.

மாற்றம் நீதிமன்றத்தில் வந்தது. நான்கு குழந்தைகளின் தாயான மேரி மெகீ, கர்ப்பகாலங்களில் கடும் உடல்நலக் கேட்டுக்கும் ஒருமுறை மூளையில் இரத்த உறைவுக்கும் ஆளானவர். மீண்டும் கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து அவர் வரவழைத்த விந்தணுக்கொல்லிக் களிம்பைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. 1973 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தம்பதியரின் அந்தரங்க உரிமையை இறக்குமதித் தடை மீறுகிறது என்றது தீர்ப்பு. உரிமை மணமானவர்களுக்கு மட்டுமே. மணமாகாதோரும் இளையோரும் தீர்ப்பின் வெளியே நின்றனர்.

தீர்ப்புக்கேற்பச் சட்டம் இயற்ற அரசு முயன்றபோது, 1974 சூலையில் பிரதமர் லியாம் காஸ்கிரேவ் தம் சொந்த அரசின் சட்ட முன்வரைவுக்கு எதிராக வாக்களித்தார். அது 61க்கு 75 என்று தோற்றது. 1976இல் அயர்லாந்துக் குடும்பநலச் சங்கம் வெளியிட்ட எளிய விளக்கக் கையேட்டைத் தணிக்கை வாரியம் தடை செய்தது. வெளியீட்டாளரின் தரப்பைக் கேளாமல் தடை விதித்தது தவறு என்று நீதிமன்றங்கள் அத்தடையை நீக்கின.

ஐந்தாண்டுக் குழப்பத்துக்குப் பின், 1979இல் சுகாதார அமைச்சர் சார்லஸ் ஹாஹி ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். உண்மையான குடும்பநல நோக்கத்துக்காக, மருத்துவரின் சீட்டுடன், மருந்துக்கடையில் கருத்தடைச் சாதனம் வாங்கலாம். ஆணுறைக்கும் மருத்துவர் சீட்டு. அயர்லாந்தின் சிக்கலுக்கு அயர்லாந்தின் தீர்வு என்று ஹாஹி இதை வருணித்தது பின்னர் கேலிச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனால் இச்சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. கருத்தடை பற்றிய எழுத்தைத் தணிக்கைச் சட்டத்தின் பிடியிலிருந்து அது விடுவித்தது. ஐம்பதாண்டு கழித்து அதைப் பற்றி எழுதலாம் என்றாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கால்வே நகர்ப் பந்தயத் திடலில் இளைஞர்களுக்கெனத் திருப்பலி நிறைவேற்றினார். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அவர் வருமுன் கூட்டத்தை உற்சாகப்படுத்தியவர்கள் ஆயர் ஏமன் கேசியும் அருட்தந்தை மைக்கேல் கிளியரியும். இருவரும் இளைஞர்களிடம் செல்வாக்குப் பெற்ற பேச்சாளர்கள். இருவருக்குமே அப்போது மறைவாகப் பிள்ளைகள் இருந்தனர் என்பது 1990களில் வெளிவந்தது.

கிரானார்ட், 1984

லாங்போர்ட் மாவட்டத்தில் கிரானார்ட் என்னும் சிற்றூர். 1984 சனவரி 31ஆம் நாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஊர்த் தேவாலயத்தின் அருகிலிருந்த மாதா கெபியில் 15 வயது மாணவி ஆன் லவெட் மழையில் கிடப்பதைக் கண்டனர். அவர் தனியாகக் குழந்தை பெற்றிருந்தார். ஆண் குழந்தை இறந்திருந்தது. அன்றே அவரும் மருத்துவமனையில் இறந்தார்.

அவர் கருவுற்றிருந்ததைத் தெரிந்தவர் யார், தெரிந்தும் பேசாதவர் யார் என்று நாடு கேட்டது. ஊர் வாய் திறக்கவில்லை. விடை வேறு திசையிலிருந்து வந்தது. கே பர்ன் நடத்திய வானொலி நிகழ்ச்சிக்கு நாடெங்கிலுமிருந்து பெண்கள் கடிதம் எழுதினர். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் தனியே பெற்றது, கொடுத்துவிட்டது, புதைத்தது பற்றியெல்லாம் எழுதினர். பிப்ரவரியில் அவர் அக்கடிதங்களைக் கருத்துரை எதுவும் சேர்க்காமல் ஒலிபரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் செய்தார். அவ்வளவு பெண்கள் அவ்வளவு காலம் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இரகசியத்தைச் சுமந்திருந்தனர். அந்நாட்டின் பாலியல் கல்வி வரலாற்றுக்கு அந்த ஒலிபரப்பைவிட முக்கியமான ஆவணம் வேறு இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கிரானார்டுக்குச் சில மாதங்கள் முன்பு, 1983 செப்டம்பரில், கருவிலுள்ள உயிரின் உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கும் எட்டாவது திருத்தம் 67 விழுக்காட்டு வாக்குகளுடன் நிறைவேறியிருந்தது. நியூ ராஸ் நகரக் கன்னியர் பள்ளியின் ஆசிரியை அய்லீன் பிளின், மனைவியைப் பிரிந்து வாழ்ந்த ஒருவருடன் இணைந்து வாழ்ந்து குழந்தை பெற்றதற்காக 1982இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1985இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லுபடியாக்கியது. ஆசிரியரின் சொந்த வாழ்வும் பாடத்தின் ஒரு பகுதியே என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். இத்தகைய சூழலில் எந்த ஆசிரியர் வகுப்பில் ஆணுறை பற்றிப் பேசத் துணிவார்?

18, 16, 17

1985 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் பாரி டெஸ்மண்ட், 18 வயது நிரம்பியவர்கள் மருத்துவர் சீட்டின்றி ஆணுறை வாங்கலாம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். மணமானவர் என்ற நிபந்தனையின் நிழலும் இத்துடன் மறைந்தது. டப்ளின் பேராயர் கெவின் மக்னமாரா கடுமையாக எதிர்த்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெஸ்மண்ட் ஓமாலி, கத்தோலிக்கப் பெரும்பான்மையின் ஒழுக்கம் வேறு, குடியரசின் சட்டம் வேறு என்று அவையில் உரையாற்றி, கட்சிக் கட்டளையை மீறி வாக்களிக்காமல் இருந்தார். திருத்தம் 80க்கு 83 என்று நூலிழையில் வென்றது. ஓமாலி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

எய்ட்ஸ் நோய் பரவியபின் வாதத்தின் திசை மாறியது. குழந்தைப் பிறப்பைத் தடுக்கும் பொருளாக இருந்த ஆணுறை, இறப்பைத் தடுக்கும் பொருளும் ஆயிற்று. டப்ளின் விர்ஜின் மெகாஸ்டோர் இசைக்கடையில் குடும்பநலச் சங்கம் ஆணுறை விற்பனைமேசை ஒன்றை நடத்தியது. சட்டம் அனுமதித்த இடமல்ல என்று 1990இல் 400 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 500 ஆக உயர்ந்தது. யு2 இசைக்குழு அத்தொகையைக் கட்டியது. அரசு நாணத்துக்குள்ளானது.

அப்போது பிரதமராக இருந்தவர் அதே ஹாஹி. வயது வரம்பை 16 ஆகக் குறைக்கலாம் என்று அவர் 1991இல் அறிவித்தார். ஆயர்கள் எதிர்த்தனர். 1992இல் நிறைவேறிய சட்டம் 17 என்று நிறுத்திக்கொண்டது. 1993இல் ஆணுறை மீதான கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன.

வகுப்பறைக்குள்

1992இல் ஆயர் கேசியின் மகன் பற்றிய செய்தி வெளிவந்தது. அதே ஆண்டு, வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து செல்வதை அரசு தடுக்க முயன்ற ‘எக்ஸ்’ வழக்கு நாட்டை உலுக்கியது. 1994இல் பிரெண்டன் ஸ்மித் என்ற குருவின் சிறார்மீதான பாலியல் குற்றங்களைக் கையாண்ட விதம் ஓர் அரசையே கவிழ்த்தது. பாலியல் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் தகுதி தமக்கு மட்டுமே என்று 1950இல் கூறியவர்களின் வாரிசுகள் இப்போது விளக்கமளிக்கும் இடத்தில் நின்றனர்.

1995இல் கல்வி அமைச்சர் நீவ் பிரேனாக் ‘உறவுகளும் பாலியல் கல்வியும்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு பள்ளியும் பெற்றோர், ஆசிரியர், நிர்வாகக்குழு ஆகியோரைக் கலந்து தனக்கான கொள்கையை எழுத வேண்டும். பாடம் பள்ளியின் தனிப்பண்புக்கு ஏற்ப நடத்தப்படும். விரும்பாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். சமூக, தனிநபர், உடல்நலக் கல்வி என்ற பாடத்தின் பகுதியாக இது 2003இல் இடைநிலை வகுப்புகளுக்குக் கட்டாயமானது.

பள்ளியின் தனிப்பண்பு என்ற சொற்றொடரில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கத்தோலிக்க ஆயர்களின் பொறுப்பில் இருப்பவை. மேல்நிலைப் பள்ளிகளிலும் பாதியளவு அவ்வாறே. ஒரு பள்ளியில் எல்லா முறைகளும் விளக்கப்பட்டன. அடுத்த தெருப் பள்ளியில் இயற்கை முறை மட்டும் பேசப்பட்டது. வேறொன்றில் வெளியிலிருந்து ஒருவரை ஒரு பிற்பகலுக்கு அழைத்துப் பேசச் சொல்லி முடித்துக்கொண்டனர்.

திருச்சபையின் மறுப்பை வெறும் பிடிவாதமாகக் கொள்வது சரியன்று. 1981ஆம் ஆண்டின் ‘ஃபமிலியாரிஸ் கொன்சோர்சியோ’ முதல் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அமோரிஸ் லெத்தீசியா’ வரை மூன்று கருத்துகள் தொடர்ந்து வருகின்றன: முதல் உரிமை பெற்றோருக்கு, பாலியல் அறிவு அன்பு, பொறுப்பு ஆகியவற்றிலிருந்து பிரிந்து வெறும் நுட்பமாகச் சுருங்கக் கூடாது, பாதுகாப்பான பாலுறவு என்ற முழக்கம் பிறக்கக்கூடிய குழந்தையை ஓர் எதிரியாகக் காட்டுகிறது. பிரான்சிஸின் ஆவணம் பாலியல் கல்விக்கு ஆம் என்று தலைப்பிட்டே ஒரு பகுதியை வைத்தது. அதுவும் கருத்தடையைக் கற்பிக்கச் சொல்லவில்லை. இக்கருத்துகளில் இரண்டாவதை மதச்சார்பற்ற கல்வியாளர்களே இன்று ஒப்புக்கொள்கின்றனர். 2019இல் தேசியப் பாடத்திட்டக் குழு வெளியிட்ட மீளாய்வில் மாணவர்கள் சொன்ன குறையும் அதுதான்: பாடம் உயிரியலையும் ஆபத்தையும் பற்றியே பேசுகிறது, உறவுகளைப் பற்றிப் பேசுவதில்லை என்றனர்.

முதல் கருத்தில்தான் சிக்கல் நீடிக்கிறது. பெற்றோரே முதல் ஆசிரியர் என்றால், பேசாத பெற்றோரின் பிள்ளைக்கு யார்? அரை நூற்றாண்டுக் காலம் எதையும் கற்பிக்காமல் வளர்க்கப்பட்ட தலைமுறையிடம் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்வது எளிதல்ல. பெற்றோரின் நாணத்துக்கு அவர்கள் மட்டும் பொறுப்பாளிகள் அல்லர்.

இம்மீளாய்வைக் கல்வி அமைச்சர் ரிச்சர்ட் புரூட்டன் கோரியது 2018இல். அவ்வாண்டு மே 25 அன்று எட்டாவது திருத்தம் 66 விழுக்காட்டு வாக்குகளால் நீக்கப்பட்டது. 2021இல் ஆயர் பேரவை தொடக்கப் பள்ளிகளுக்கெனத் தன் சொந்தப் பாடத்தொகுப்பை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இடைநிலை வகுப்புப் புதிய பாடத்திட்டம், கருத்தடை முறைகளையும் தொற்றுத் தடுப்பையும் இசைவு என்ற கருத்தையும் எல்லாப் பள்ளிகளுக்கும் உரிய கற்றல் விளைவுகளாக வைத்தது. பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை தொடர்கிறது.

பதின்பருவத் தாய்மார்களின் பிரசவங்கள் 2001இல் மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன. 2016இல் சுமார் ஆயிரமாகக் குறைந்தன. கல்வி, கருத்தடை கிடைக்கும் வசதி, பெண்கள் உயர்கல்வியில் நீடிப்பது எனப் பல காரணங்கள் இதில் கலந்துள்ளன. பள்ளிப் பாடத்துக்கு மட்டும் இதன் பெருமையைத் தர முடியாது.

2022 செப்டம்பரில் அரசு பெண்களுக்கு இலவசக் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டம் 17 முதல் 25 வயதினருக்கு. பின்னர் மேல் வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டது. கீழ் வரம்பு 17 ஆகவே தொடங்கியது. 16 வயதில் ஒருவர் தம் மருத்துவச் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்று 1997ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. ஆனால் பாலுறவு இசைவு வயது 17. அந்த எண்ணை நிர்ணயித்தது, கருத்தடையைத் தடை செய்த அதே 1935ஆம் ஆண்டுச் சட்டம்.